ஹனூர் அம்மாள் கொடுத்த கெம்பு

சிவப்பாக ஒரு கல் கையில் கிடைத்தால் அது மாணிக்கமாக இருக்கும் என்று நினைக்காத மனிதரை நான் பார்த்ததில்லை. மைசூரில் ஒரு கல்லூரியின் நிலவியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். ஓய்வு பெறும்வரை என் மேஜைக்கு வந்த சிவப்புக் கற்களில் பெரும்பாலானவை விலை மலிவான கார்னெட். அதற்கடுத்தபடி இரும்புக் கறை ஏறிய வெறும் குவார்ட்ஸ். சில சமயம் ஆற்றில் உருண்டு வழவழப்பான பாட்டில் கண்ணாடி. கொண்டுவந்தவரிடம் "இது கார்னெட்" என்று சொல்வது சுலபமில்லை. சிலர் பேசாமல் கல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வக்கீல், "உங்க லேப்ல வெளிச்சம் போதாது" என்றார்.

கார்னெட்டாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ஒரு நர்ஸ்.

முதல் பொதுத் தேர்தல் நடந்ததற்கு அடுத்த குளிர்காலம் அது. ஹனூர் அப்போது மைசூர் ராஜ்யத்தில் இல்லை. கொள்ளேகால் தாலுக்கா முழுவதும் மதராஸ் ராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. இங்கே சேர்ந்தது ஐம்பத்தாறு நவம்பரில்தான். ஆனாலும் அந்தப் பக்கத்து ஜனங்களில் பலர் பெரிய வியாதி என்றால் கோயமுத்தூருக்குப் போகாமல் பஸ் ஏறி மைசூருக்கு வந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒரு பெண்மணியால்தான் இவ்வளவும் நடந்தது.

எங்களுக்கு ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கபினிக் கரையிலும் குண்டலுபேட்டைப் பக்கத்து ஓடைகளிலும் கல் தேடப் போவோம். நான், தபாலாபீசில் வேலை பார்த்த என் நண்பர், அவருடைய மனைவி, இந்த நர்ஸ். நர்ஸ் தமிழ்க் கிறிஸ்தவர், திருச்சிப் பக்கம், நாற்பதை ஒட்டிய வயது. நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. மைசூருக்கு வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, வாயைத் திற என்பது வரைக்கும் கன்னடம் தெரியும். சர்ச் முடிந்ததும் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார்.

தபாலாபீஸ் நண்பர் அவரைச் சீண்டாமல் இருக்கமாட்டார். "ஆஸ்பத்திரியிலே வயித்தைக் கிழிச்சு எடுக்கிற கல்லெல்லாம் போறாதா சிஸ்டர்? வெயில்லே வேற அலையணுமா?"

"அதுக்கெல்லாம் சொந்தக்காரங்க இருக்காங்க சார். கேட்டா தரமாட்டேங்கறாங்க."

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவர் லேபுக்கு வந்தார். சனிக்கிழமை என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். அரை நாள் ஆதலால் மாணவர்கள் போய்விட்டிருந்தார்கள். மருந்துக்கட்டுத் துணியில் சுற்றிய ஒரு கல்லை மேஜையில் வைத்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"கார்னெட்னு சொல்லிடுங்க சார்."

"பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்துட்டே சொல்லுங்க. ஆனா கார்னெட்னு சொல்லுங்க."

விஷயத்தை அதன் பிறகுதான் சொன்னார். ஹனூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி காலில் புரையோடிய புண்ணோடு அவருடைய வார்டில் படுத்திருந்தார். பெனிசிலின் ஊசி போட்டுப் புண் ஆறி வந்தது. வீட்டுக்குப் போகிற அன்று முந்தானை முடிச்சிலிருந்து இந்தக் கல்லை எடுத்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "கெம்புக் கல்லு சிஸ்டரம்மா. உங்களுக்குன்னே ஊர்லருந்து கொண்டாரச் சொன்னேன். வெச்சுக்கங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் நர்ஸம்மாவுக்குக் கெம்பு, அதாவது மாணிக்கம், கிடைத்த கதை சமையற்கட்டு வரை போயிற்று. மறுநாள் காலை மேட்ரன் கூப்பிட்டனுப்பினார்.

நோயாளிகளிடமிருந்து பழம், பூ வாங்கலாம். விலையுள்ள பொருள் எது வாங்கினாலும் வேலை போய்விடும். அந்த விதியில் மேட்ரன் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. நர்ஸை வார்டிலிருந்து எடுத்துப் படுக்கை விரிப்பு வைக்கும் அறைக்கு மாற்றியிருந்தார். மாதக் கடைசியில் கமிட்டி கூடும்போது விஷயம் அங்கே போகும். அதற்குள் கல் என்னவென்று தெரிந்தவரிடம் எழுதி வாங்கி வரும்படி சொல்லியிருந்தார். நர்ஸுக்கு அந்த வேலையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. தங்கியிருந்த அறையும் ஆஸ்பத்திரியுடையதுதான்.

கல்லை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நடுவில் பீப்பாய் மாதிரி லேசாகப் பருத்து, பக்கவாட்டில் ஆறு பட்டை. ஒரு முனை உடைந்திருந்தது, மறு முனை தட்டை. நிறம் நனைந்த செங்கல். ஆறு பட்டையைப் பார்த்ததுமே எனக்குச் சங்கடமாகிவிட்டது. கார்னெட் பெரும்பாலும் உருண்டையாக வளரும்; இப்படிப் பீப்பாயாக வளராது. ஆனால் உருவத்தை மட்டும் வைத்து முடிவு சொல்வது என் வழக்கமில்லை.

முதலில் அந்தக் கல்லால் குவார்ட்ஸைக் கீறிப் பார்த்தேன். கீறியது. அது கார்னெட்டாலும் முடியும். பிறகு கடினம் பார்க்கும் பெட்டியிலிருந்து டோபாஸ் துண்டை எடுத்தேன். கார்னெட்டால் டோபாஸைக் கீற முடியாது. தன் பொடியைத்தான் அதன்மேல் பூசிவிட்டு வரும், பார்வைக்குக் கோடு மாதிரியே தெரியும். அதனால் கீறின பிறகு ஈர விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்தேன். கோடு போகவில்லை. இன்னொரு இடத்தில் கீறித் துடைத்தேன். அங்கும் போகவில்லை.

"கார்னெட் இல்லே, சிஸ்டர்."

"பின்னே?"

"குருந்தம்."

ஞாயிற்றுக்கிழமை நடைகளில் நான் பேசியதையெல்லாம் அவர் கேட்டு வைத்திருந்தார். "மாணிக்கமும் குருந்தந்தானே சார்?"

"ஒளி ஊடுருவுற சிவப்புக் குருந்தம் மாணிக்கம். இது அப்படி இல்லே. இந்த மாதிரி மங்கலா இருக்கிறது இந்தப் பக்கம் வயல்லே, ஓடையிலே வண்டி வண்டியாக் கிடக்கு." மெல்லிய ஓரத்துக்குப் பின்னால் டார்ச்சை வைத்துக் காட்டினேன். ஒரு துளி வெளிச்சம்கூட வரவில்லை. அவர் மூச்சு விட்டார்.

"அதையே எழுதிக் குடுத்துடுங்க. நான் கிளம்பறேன்."

"இன்னொண்ணு பாக்கணும்."

மைசூர்ப் பக்கத்துக் குருந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் புகாத மட்டமான கல்கூடச் சில சமயம், மேல்பக்கத்தைக் குவிந்த மாதிரி தேய்த்தால், ஆறு கதிர் வீசும் நட்சத்திரம் காட்டும். அப்படிப்பட்ட கல்லுக்கு நகைக்கடையில் நல்ல மதிப்பு. தேய்க்காமலே சோதிக்க, தட்டையான முனையில் கிளிசரின் ஒரு சொட்டு விட்டு, ஒற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கலாம்.

"இன்னும் என்ன சார் இருக்கு? விட்டுடுங்களேன்." அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் பாக்காம எழுதி, நாளைக்கு வேற யாராவது பாத்துச் சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

மேற்கு ஜன்னலில் வெயில் இருந்தது. மற்ற ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கிளிசரின் விட்டுத் திருப்பினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். சொட்டில் சூரியன் தெரிந்தது. கதிர் எதுவும் இல்லை. சொட்டைத் துடைத்துவிட்டு, வேறு சொட்டு விட்டு மறுபடி பார்த்தேன். இல்லை. கல்லூரிக் காகிதத்தில், சிவப்புக் குருந்தம், ஒளி புகாது, நட்சத்திரம் இல்லை, மாணிக்கம் என்று சொல்லத் தக்கதல்ல, நகைக்கு உதவாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை மேட்ரன் என்னையே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் மதராஸ்காரர். மூக்குக் கண்ணாடி, நிமிர்ந்த முதுகு, மேஜையில் ஒரு மணி. என் காகிதத்தை முழுக்கப் படித்தார்.

"ரூபியும் இந்த ஜாதிதானே? நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன்."

"ஜாதி ஒண்ணுதான், மேடம். வைரமும் கரியும்கூட ஒரே சரக்குதான்."

நர்ஸ் வாசலோரம் நின்றிருந்தார். "கரி மூட்டை வாங்கினா வைரம் வாங்கினதா ஆகுமா, மேடம்?" என்றார்.

மேட்ரன் அவர் பக்கம் திரும்பவில்லை. "சரி, இது ரூபி இல்லே. சார் சொன்னா ஒத்துக்கறேன். ஆனா கல்லு என்னங்கறது சாரோட கேள்வி. குடுத்தவ என்ன நெனச்சுக் குடுத்தாங்கறது என் கேள்வி. அவ கெம்புன்னு சொல்லிக் குடுத்தா. நீ கெம்புன்னு கேட்டு வாங்கிண்டே. அப்பறம் அது செங்கல்லாவே இருந்தாலும் எனக்கு வித்தியாசம் இல்லே."

என் சோதனை எதுவும் அந்தக் கேள்விக்கு உதவாது.

"வியாழக்கிழமை அவ கட்டுப் பிரிக்க வரா. உங்க முன்னாலேயே கேட்டுடறேன். நீங்களும் வாங்க."

புதன்கிழமை சாயங்காலம் தபாலாபீஸ் நண்பர் ஒரு யோசனை சொன்னார். "ஹனூர் பஸ் வரச்சே ஸ்டாண்டிலே நின்னு, அந்த அம்மாகிட்டே ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடலாமே? ஏதோ சும்மா கல்லுன்னு குடுத்தேன்னு சொல்லட்டும்."

நர்ஸ் தலையை ஆட்டினார். "அப்படிப் பண்றதா இருந்தா சனிக்கிழமை சார் அத்தனை தடவை துடைச்சுத் துடைச்சுப் பாத்தது எதுக்கு?"

வியாழக்கிழமை காலை ஹனூர்ப் பெண்மணி லேசாக நொண்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும், உரத்த குரல். கட்டுப் பிரித்ததும் அவரை வார்டு முனையில் ஒரு காலிக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். மேட்ரன் கல்லை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நர்ஸ் இரண்டடி தள்ளி நின்றார். அவர் விரல்கள் ஏப்ரனைப் பிடித்திருந்தன.

"இதை நீதான் குடுத்தியா?"

"ஆமாங்கம்மா, நாந்தானுங்க."

"என்ன கல்லுன்னு சொல்லிக் குடுத்தே?"

"கெம்புக் கல்லுன்னு சொன்னனுங்க."

மேட்ரன் என்னைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தார்.

"கெம்புன்னு தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"தெரியாம என்னங்கம்மா? கண்ணு எனக்கு நல்லாத்தான் தெரியுது. காலுதான் கெட்டுப்போச்சு." அந்த அம்மாள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்ததும் குரல் ஏறியது. "கெம்பா இருக்கற கல்லெக் கெம்புங்காம கறுப்புன்னா சொல்லுவாங்க? அதா, நான் குந்தியிருக்கற கம்பளி கெம்பு. இதுவுங் கெம்பு. இதுல என்னங்க குத்தம்?"

கட்டிலில் விரித்திருந்தது ஆஸ்பத்திரியின் சிவப்புக் கம்பளி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. ஹனூர்த் தமிழில் அது அப்படியே கலந்துவிட்டிருக்கிறது. தினமும் கன்னடம் பேசுகிற எனக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை என்றால், நர்ஸ் என்னிடம் தமிழில் சொன்னார், நான் தமிழில் கேட்டேன். தமிழில் கெம்பு என்றால் தோட்டில் பதிக்கிற கல். இதை மேட்ரனிடம் சொன்னேன். அவர் கம்பளியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"அப்போ சிவப்புக் கல்லுன்னுதான் குடுத்தே. சரி. அதை ஏன் இவளுக்குக் குடுக்கணும்?"

"பின்னே என்னங்கம்மா?" அந்த அம்மாள் இடுப்பைத் தடவிக்கொண்டார். "தெனம் ஊசி. ஒவ்வொண்ணும் ஏர்க்கொழு எறங்குற மாதிரி. மழுங்குன ஊசியெ வெச்சுக்கிட்டுக் குத்து குத்துன்னு குத்துனாங்க. எங்கூட்டுல அருவா மழுங்குனா இதுலதான் தேப்போம். இதுல நாலு இழுப்பு இழுத்தா கத்தியே பேசும். அதான், தேச்சுக்கங்க சிஸ்டரம்மான்னு குடுத்தேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். நர்ஸின் முகம் சிவந்துவிட்டது. வேலை தப்பியது அவருக்கு இன்னும் எட்டவில்லை என்று நினைக்கிறேன். "நான் உங்க அன்புன்னு நெனச்சேன்" என்றார்.

"அன்புதானுங்க. மத்தவங்க போட்டா கத்துவேன். நீங்க போட்டா பல்லெக் கடிச்சுக்குவேன். கேளுங்க, வார்டே சொல்லும்."

மேட்ரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரித்தார் என்று சொல்லமாட்டேன்; துடைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நர்ஸிடம், "விரிப்பு அறைச் சாவியை ஆபீஸ்லே குடுத்துட்டு வார்டுக்கு வந்துடு. கமிட்டிக்கு எதுவும் போகாது" என்றார்.

"தாங்க்ஸ், மேடம்." நர்ஸ் கல்லுக்காகக் கையை நீட்டினார்.

மேட்ரன் கொடுக்கவில்லை. "விலை இல்லாததுன்னு எழுதி வாங்கிண்டு வந்துட்டே. ஆனா உபயோகம் இருக்கே. இது ஊசி அறைக்கு."

"மேடம், இவ்வளவு நல்ல ஆறு பட்டை. என் பெட்டியிலே இந்த மாதிரி ஒண்ணு இல்லே."

"ஞாயித்துக்கிழமை போய் வேற பொறுக்கிக்கோ. வண்டி வண்டியாக் கிடக்குன்னு சார்தானே உன்கிட்டே சொன்னார்?"

டாக்டர் அந்த அம்மாளுக்கு இன்னும் சில ஊசிகள் எழுதியிருந்தார். அன்றைக்கும் ஒன்று இருந்தது. ஊசிகளைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் போட்ட காலம் அது. மேட்ரன் தானே ஒரு ஊசியை எடுத்து, கல்லின் தட்டையான முனையில் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார், நுனியை வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடி தேய்த்தார். பிறகு கொதிக்க வைத்து எடுத்து நர்ஸிடம் கொடுத்தார். திரையை இழுத்துவிட்டார்கள். நான் வெளியே நின்றேன். வார்டு முழுவதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பரவால்லீங்க" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இன்னுங் கொஞ்சம் தேச்சிருக்கலாம்."