எழுந்து நடக்க வையி என்று கேட்டார்

அன்பிய ஜெபக்கூட்டத்துக்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, என் பெயர் ஸ்டெல்லா. ராயபுரத்தில் கடலை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். கணவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறார். 2003-ஆம் ஆண்டு தவக்காலத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

குழாயடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வருவதற்குள் மூச்சு முட்டியது. கால் வீங்கியது. படுத்தால் இருமல். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இதயம் பெரிதாகிவிட்டது, ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது என்றார்கள். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மகள் ரோஸிக்கு ஐந்து.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. ஆனாலும் பயத்தில் வீட்டில் யாரும் என்னை எழவே விடவில்லை. மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தேன். ஜெபமாலையைக் கையில் கொடுத்தார்கள். மணி உருண்டது, மனம் அசையவில்லை. ஒருநாள் கணவரிடம், "நான் பூட்டா ரோஸிய உன் தங்கச்சி வூட்ல வுட்ருய்யா" என்றேன். கடையில் உப்பு வாங்கி வரச் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

அவர் பூசைக்கே ஒழுங்காக வராதவர். அன்று மாதா படத்தின் முன் மண்டியிட்டார். "தாயே, இவ இன்னா தப்பு பண்ணா? எய்ந்து நடக்க வையி. வேற ஒண்ணும் வாணாம்." அவ்வளவுதான் ஜெபம்.

அடுத்த வாரம் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா என்னைப் பரிசோதித்துவிட்டு, "படுத்தது போதும், இனிமே நடக்கணும்" என்றார்.

கணவருக்குக் கோபம். "இன்னாம்மா சொல்ற? கக்கூஸுக்குப் போனாலே மூச்சு வாங்குது அவளுக்கு!"

"அசையாமலே கிடந்தா ரத்தக் குழாயும் விறைச்சுப் போகும். பலமில்லாத இதயம் இன்னும் கஷ்டப்படும். எங்க கண்ணு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா உடற்பயிற்சி செஞ்சா, குழாய் விரிஞ்சு குடுக்கும். இதயத்துக்குப் பாரம் குறையும்."

நான் கணவரைப் பார்த்தேன். "நீதானேய்யா கேட்ட?" என்றேன்.

நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிளில் உட்கார வைத்தார்கள். நாடி பார்த்தபடியே மிதிக்கச் சொன்னார்கள். முதல் நாள் இரண்டே நிமிடம். இஷ்டம் என்று ஒன்றும் இல்லை, சொன்னார்கள், மிதித்தேன். சில மாதம் கழித்து ஒருநாள், திரும்பி வரும் பஸ்ஸில் என் பாதம் சூடாக இருந்தது. அதுவரை பாதம் இருப்பதே தெரியாமல் சில்லென்று கிடக்கும். குனிந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். சூடாக இருந்தது, அவ்வளவே.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்த ஞாயிறு காலை. கணவர் வேலையில் இருந்தார். "தண்ணி வருது, ஓடு!" என்று தெருவே கத்தியது. ரோஸியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரிய ரோடு வரை நிற்காமல் போனேன். எதிர்வீட்டு மேரியக்கா வரவில்லை. நான் படுத்திருந்தபோது எனக்குக் கஞ்சி ஊட்டியவர், திடமான உடம்பு. நான் ஏன் பிழைத்தேன், அவர் ஏன் இல்லை, இன்றுவரை புரியவில்லை. அன்றும் எனக்கு அழுகை வரவில்லை.

இதயம் பழையபடி ஆகவில்லை. மாத்திரை இருக்கிறது. ஆனால் பூசைக்கு நடந்தே போகிறேன். ரோஸி இந்த ஆண்டு முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆண்டவருக்கு நன்றி.

ஜெபிக்க மனமே வராமல் இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் வெட்கப்படாதீர்கள். எனக்கும் வரவில்லை. எனக்காக இன்னொருவர் கேட்டார், ஆண்டவர் கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள். நாளைக் காலை கோயிலுக்கு நடக்கும்போது நான் கேட்கிறேன்.