நல்லாப் பேச வந்தவர்கள்: எஸ்பியர்க்கிலிருந்து விபோர்க் வரை

முதலில் அவமானத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வட கடலைக் கடந்த கப்பலில், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், நான் சபா அண்ணையின் புதுத் தொப்பிக்குள் வாந்தி எடுத்தேன். அதற்கென்றே பக்கத்தில் ஒரு காகிதப் பை தொங்கியது. ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிட்டேன். ஆகவே இந்தக் கட்டுரையில் கடல் வர்ணனை எதுவும் கிடையாது.

இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவைக் காரில் சுற்ற நினைக்கும் சிலர் யோசனை கேட்டிருந்தார்கள். நான் அப்படிப் போனது ஒரே ஒரு தடவை, 1985 அக்டோபரில். லண்டனிலிருந்து ஹாரிச் துறைமுகம். அங்கிருந்து ஏறத்தாழ இருபது மணி நேரம் கப்பலில் டென்மார்க்கின் எஸ்பியர்க். பிறகு ஜெர்மனி, ஹாலந்து, பெல்ஜியம் வழியாகத் திரும்ப லண்டன். இதில் ஜெர்மனியில் எல்லாரும் எங்களை முந்திப் போவதைப் பார்த்தேன். ஹாலந்தில் மழையைப் பார்த்தேன். பெல்ஜியத்தில் தூங்கிவிட்டேன். மிச்சம் இருப்பது டென்மார்க்தான்.

போனது மூன்று பேர். காரும் ஓட்டமும் சபா அண்ணையுடையது. லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஊரே அண்ணை என்றதால் நானும் அண்ணை என்றேன். பின்சீட்டில் தாசன், மன்னார்க்காரன், முப்பது வயது, உணவகச் சமையல்காரன். நான் மதுரைக்காரன். அப்போதே நாற்பதைத் தாண்டியவன், அலுவலகக் குமாஸ்தா. என்னை ஏன் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால், இங்கிலாந்துக் காரில் ஸ்டியரிங் வலது பக்கம். வலது பக்கமாக ஓடும் ஊர்களில் முந்துவதற்கு, இடது சீட்டில் ஒருவன் எட்டிப் பார்த்து “போகலாம்” என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்குத்தான்.

ஊர் சுற்றுவது என் காரணம், சபா அண்ணையின் காரணமும் அதுதான். தாசனுக்கு வேறு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ஊரைவிட்டு வரும் வழியில், கிழக்கு பெர்லினில் ஒரு விடுதியில் ஒன்பது நாள் சிக்கிக் கிடந்தபோது ரோசலின் என்ற பெண்ணைச் சந்தித்திருக்கிறான். அவளும் மன்னார்ப் பக்கம்தான். பிறகு அவள் தன் அண்ணன் அந்தோனியோடு டென்மார்க் போய்விட்டாள். இவன் லண்டன் வந்துவிட்டான். அப்புறம் எல்லாம் கடிதம். கடைசி மூன்று மாதமாக அவளிடமிருந்து அதுவும் இல்லை. அவன் எழுதிய கடிதங்களில் சிலவற்றை நான் படித்திருக்கிறேன் (படிக்கக் கொடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்). லண்டன் வானிலை பற்றி அவ்வளவு விவரமாக வானொலியில்கூடச் சொல்ல மாட்டார்கள். என்னைக் கட்டிக்கொள்வாயா என்று மட்டும் ஒரு வரி இல்லை. நேரில் போய்க் கேட்டுவிடுவது, இல்லையென்றால் கனடாவில் உள்ள மாமனிடம் போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்து வந்திருந்தான்.

எஸ்பியர்க்கில் இறங்கியதும் முதலில் காற்று அறைந்தது, அடுத்து மீன் வாசனை. சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று, அந்தோனிக்கு ஒரு போன் போடத் தீர்மானித்தோம். தாசன் சில்லறையை என் கையில் திணித்துவிட்டான். சபா அண்ணை வண்டியில் எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வாய்க்காரன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு எண்ணம் உண்டு. நானே டெலிபோன் கூண்டுக்குள் போனேன்.

“வணக்கம் சார். நாங்க தாசனோட ஃப்ரெண்ட்ஸ். அவரு உங்க தங்கச்சியை நல்லா பேசணும்னு லண்டன்லேர்ந்து வந்திருக்காரு. ரெண்டு வருஷமா மனசுல அடக்கி வெச்சதை எல்லாம் இன்னிக்கு பேசித் தீர்த்துடுவாரு.”

‘தங்கச்சிகிட்ட’ என்று சொல்ல வாயெடுத்தேன். காற்றில் ‘தங்கச்சியை’ ஆகிவிட்டது.  மறுமுனையில், “அப்பிடியோ? வரட்டும்,” என்று ஒரு குரல். வைத்துவிட்டார். என்ன அன்பான மனிதர் என்று வெளியே வந்து சொன்னேன்.

எஸ்பியர்க்கிலிருந்து அந்தோனியின் ஊரான ஹொல்ஸ்டெப்ரோ வடக்கே சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர். தட்டையான வயல்கள், காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், பன்றிப் பண்ணை உர வாசனை, முன்னால் எப்போதும் ஒரு டிராக்டர். நான் பதினொரு தடவை “போகலாம்” என்றேன். சபா அண்ணை நான்கு தடவைதான் நம்பினார்.

அந்தோனியின் வீட்டு வாசலில் அவரே நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை; கைகள் அதற்கேற்ற மாதிரி இருந்தன.

“ஆர் பேச வந்தது?”

நான் சிரித்துக்கொண்டே தாசனைக் காட்டினேன்.

“என்ர தங்கச்சியைப் பேச நீர் ஆர்? நானே இண்டைவரைக்கும் அவளைப் பேசினதில்லை. கடல் தாண்டி வந்து பேசுறதுக்கு அவள் உமக்கு என்ன செய்தவள்?”

தாசன் என்னைப் பார்த்தான். சபா அண்ணையும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ஐசே, போனில என்ன சொன்னனீர்? ஒரு எழுத்து விடாமச் சொல்லும்.”

சொன்னேன். சபா அண்ணை நெற்றியில் அடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாம் பேசுவது என்பதை அவர்கள் ஊரில் கதைக்கிறது என்பார்கள். ஒருத்தரைப் பேசுறது என்றால் ஏசுவது, திட்டுவது. ஆக, இந்த ஆள் இரண்டு வருடக் கோபத்தைச் சுமந்துகொண்டு கப்பலேறி வருகிறான், இன்றைக்கு உங்கள் தங்கையை வாங்கு வாங்கென்று வாங்கப் போகிறான் என்று, சிரித்த குரலில் நான் அறிவித்திருக்கிறேன்.

சபா அண்ணை விளக்கினார். அந்தோனி பாதி நம்பினார். “இந்தியாக்காரரை ஏன் போனுக்குக் கிட்ட விட்டனீங்கள்?” என்று கேட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். ஆனால் ரோசலின் வீட்டில் இல்லை. “போனில கேட்டதை அவளுக்கு அப்பிடியே சொன்னனான்.  விபோர்க்கில சிநேகிதி வீட்டை போறன் எண்டு பஸ் ஏறிட்டாள். விலாசம் தாறன். ஆனா அவளைப் பேசினீங்கள் எண்டால்...” மிச்சத்தைக் கைகளைப் பார்த்தே புரிந்துகொண்டோம்.

விபோர்க் இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே. பின்சீட்டில் தாசன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

“என்னடா, கதைக்கப் பழகிறியோ, பேசப் பழகிறியோ?” என்றார் சபா அண்ணை.

“பகிடி விடாதேங்கோ அண்ணை. எனக்கு வயித்தைக் கலக்குது.”

“தொப்பியும் இல்லை இப்ப,” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

விபோர்க்கில் இரட்டைக் கோபுரத் தேவாலயமும் ஏரியும் இருக்கின்றன. இரண்டும் அழகு என்று கேள்வி. நாங்கள் பார்த்தது ஒரு அடுக்குமாடியின் நிலவறையில் இருக்கும் பொதுச் சலவை அறையை. ரோசலின் அங்கேதான் இருக்கிறாள் என்று சிநேகிதி சொல்லி அனுப்பினாள். ஒல்லியான பெண், ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டிருந்தாள். ஒரு மூலையில் ஒரு டேனிஷ் பாட்டியம்மா படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். இயந்திரம் ஒன்று துணி பிழிய ஆரம்பித்து, அறையே அதிர்ந்துகொண்டிருந்தது.

“வாங்கோ,” என்றாள் ரோசலின். “என்னைப் பேச வந்தனீங்களாம். பேசுங்கோ, கேக்கிறன்.”

தாசன் ஆரம்பித்தான்: “இல்லை... லண்டனில இந்த முறை குளிர் முந்தியே...”

“அது கடிதத்தில வாசிச்சிட்டன். அடக்கி வச்சிருக்கிறதாம், அதைச் சொல்லுங்கோ.”

“பேச வரேல்லை ரோசலின். என்னைக் கட்டுவீங்களோ எண்டு கேக்கத்தான்...”

“கேக்கேல்லை. மிசின் சத்தம்.”

“என்னைக் கட்டுவீங்களோ!” என்று அவன் கத்தினான். இயந்திரம் சரியாக அப்போது நின்றது.

பாட்டியம்மா விரிப்பைக் கீழே வைத்துவிட்டு டேனிஷ் மொழியில் ஏதோ கடுமையாகக் கேட்டார். ரோசலின் அதே மொழியில் பதில் சொன்னாள். அவர் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, தாசனை மேலும் கீழும் பார்த்தார்.

“நான் லண்டன் வரமாட்டன்,” என்றாள் ரோசலின், துணியை எடுத்துக்கொண்டே. “பாசை படிச்சிட்டன். முதியோர் இல்லத்தில வேலையும் சொல்லியிருக்கினம். நீங்கள் இங்க வாறதெண்டால், எனக்கு ஓம்.”

தாசன் சபா அண்ணையைப் பார்த்தான். அவர் சலவைத்தூள் பெட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“வாறன்,” என்றான்.

எனக்குத் திக்கென்றது. அவர்கள் விடைபெறும்போதும் ‘வாறன்’ என்றுதான் சொல்வார்கள்.

“இது போறதுக்குச் சொல்லுற வாறனோ, வாறதுக்குச் சொல்லுற வாறனோ?” என்று அவளே கேட்டாள்.

“வாறதுக்கு,” என்றான். கனடா மாமனின் கதை அந்தச் சலவை அறையில் முடிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். எஸ்பியர்க் கப்பல் இப்போது ஓடுவதில்லை. ஜெர்மனி வழியாகத்தான் போக வேண்டும். டென்மார்க்கின் மேற்குப் பகுதியான யூட்லாந்தில் அக்டோபர் காற்றுக்குக் குடை உதவாது, தொப்பி உதவும், அடுத்தவன் அதைக் கடன் வாங்காதவரை. வலப்பக்க ஸ்டியரிங் வண்டி என்றால் இடது சீட்டில் கண் தெரிந்தவரை உட்கார வையுங்கள். கூட்டிப் போகிற நண்பர்கள் எந்த ஊர்த் தமிழ் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்கள் மறந்துபோகின்றன, கூட வந்தவர்கள் காரில் சொன்னதெல்லாம் நினைவில் நிற்கிறது. பெல்ஜியம் பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்.

அடுத்த கோடையில் ஹொல்ஸ்டெப்ரோவில் கல்யாணம். நானும் போயிருந்தேன். ஒரு சொல்லால் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தேன் என்று சாப்பாட்டு மேசையில் மணப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தாசனுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்:

“நான் திருச்சியில ஹாஸ்டலில இருந்து மூண்டு வருசம் படிச்சனான் அண்ணை. நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டுது. என்ர அண்ணனுக்கு முன்னால இவர் வாய் திறக்கமாட்டார் எண்டுதான் விபோர்க்குக்குப் பஸ் ஏறினனான்.”