நான்கு மூலை மஞ்சள்

சிவரஞ்சனியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பேச ஆரம்பித்தால் நல்லதாகத்தான் வந்து தொலைகிறது. அதுதான் எரிச்சல்.

கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு ஊர் அவளுக்கு. அப்பா மாதன் சாமை விதைக்கிறவர். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள், போனிலேயே டிசைன் பழகினாள், நான் வேலை பார்க்கிற டிசைன் கடையில் பேனர் போட வந்து சேர்ந்தாள். நான் அங்கே என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதுகு தேய்கிறேன். நான் சும்மா இருக்கும்போதே, "அந்தப் பொண்ணு சாப்ட்டு வரட்டுங்க, நாங்க உக்காந்துக்கினு இருக்கோம்" என்பார்கள் வருகிறவர்கள். வயிறு எரியுமா எரியாதா?

அதையும் பொறுத்தேன். தம்பி தமிழழகனுக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகை என் கையால்தான் என்று எப்போதோ மனதில் முடிவு பண்ணியிருந்தேன். தியாகதுருகத்துக்குப் போய் அம்மாவிடம் மாதிரிகளைக் காட்டினேன்.

"நல்லாத்தான் கீது, சுதா. ஆனா உங்க கடையில அந்த மலைப்பொண்ணு இருக்குதே, அதுகிட்ட குடுத்துப் பாரேன். கொளஞ்சியப்பன் வூட்டு பேனர் இன்னா ஷோக்கா இருந்துச்சு!"

"அப்ப நான் இன்னாத்துக்கு இருக்கறேன்?"

"நீ கூடமாட இருந்து பாத்துக்கோ."

கூடமாட! பெற்றவள் பேசுகிற பேச்சா இது?

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுப்போம். மஞ்சள் இல்லாமல் வந்தால் அது கருமாதிப் பத்திரிகை. சிவரஞ்சனி அந்த மஞ்சளையே படமாக்கிவிட்டாள். வீட்டு மஞ்சளை இழைத்து, தன் அம்மாவை வெள்ளைத் தாளில் விரலால் இழுக்கச் சொல்லி, போட்டோ பிடித்து மூலைக்கு ஒன்றாக வைத்திருந்தாள். திரையில் பார்த்ததும் என் விரல் தானாகத் தொடப் போனது. சனியன், எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

சிவகாசி அச்சகத்துக்கு ஃபைல் அனுப்ப வேண்டிய அன்று அவள் மலைக்குப் போயிருந்தாள். முதலாளி என்னை அனுப்பச் சொன்னார். திறந்து பார்த்தால், மஞ்சள் சரியாக வெட்டுக்கோட்டோடு நின்றது. அச்சடித்த தாளைக் கட்டாக அடுக்கி வெட்டும்போது கத்தி ஒரு நூல் தள்ளிப்போகும். அதற்காகப் படத்தைக் கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் நீட்டிவிட வேண்டும். பிளீட் என்போம். பேனருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஓரத்தை மடித்துவிடுவார்கள். பேனரே போட்டுப் பழகியவளுக்கு இது தெரியவில்லை.

அப்படியே போயிருந்தால் ஒரு மூலையில் வெள்ளைக் கீற்று விழும், இன்னொரு மூலையில் மஞ்சள் பாதி போய்விடும். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! மலைப்பொண்ணு, மலைப்பொண்ணு என்கிற பேச்சு அன்றோடு ஒழியும். அனுப்பு பட்டன் மேல் கை வைத்துவிட்டேன்.

நடுவில் தம்பி பெயர் இருந்தது. அறுந்த மஞ்சளோடு அவன் வீடு வீடாகப் போய் நீட்டுவானே, மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வான்? அவளை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நான்கு மூலையையும் வெளியே நீட்டினேன். திரைக்கான கலரை அச்சுக்கான கலராக மாற்றினேன். மாற்றியதில் மஞ்சள் சாணி போல மங்கியது. அதையும் உட்கார்ந்து தேற்றி எடுத்த பிறகே அனுப்பினேன்.

பத்திரிகை வந்தது. சொந்தக்காரர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். சிவரஞ்சனியையும் அம்மா வரவழைத்திருந்தாள். ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளோ எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"நான் ஓரமே வுடாம வெச்சுட்டேங்க. சுதாக்காதான் சரி பண்ணி அனுப்புனாங்க. இல்லன்னா மஞ்சளே போயிருக்கும்."

என் நெஞ்சு நிமிர்ந்தது. அம்மா எழுந்து வந்தாள். நேராக அவளிடம் போய்த் திருஷ்டி கழித்தாள்.

"பாத்தியாடி சுதா? தன் தப்பத் தானே சொல்றதுக்கு எம்மாம் பெரிய மனசு வேணும்! தங்கமான பொண்ணு!"

கூடம் முழுக்க ஆமாம் போட்டது.

பிறகு அம்மா குழைத்த மஞ்சள் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். "அச்சுல இருந்தா இன்னா, நம்ம கையால தடவறதுதான் மொறை. நீ தடவு."

உட்கார்ந்தேன். கட்டுக் கட்டாக எடுத்து, அவள் மஞ்சளுக்கு மேலேயே, அது கொஞ்சமும் தெரியாத அளவுக்கு அழுத்தி அழுத்தித் தடவினேன்.