மாநிலத்துக்குத் தனியாக

விவாகரத்துக்குப் பிறகு டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரை விட்டு, கலிபோர்னியாவில் இருக்கும் லிவர்மோருக்கு வந்தேன். தெரிந்தவர்கள் இல்லாத ஊர் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஊரில் கோயில் இருந்தது, போகவில்லை. யாராவது ஒரு ஆன்ட்டி, "அவர் வரலியாம்மா?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

ஆஸ்பத்திரிகளுக்காகப் போனில் மொழிபெயர்ப்பது என் வேலை. நோயாளி 'எனக்கு' என்றால் நானும் 'எனக்கு' என்றே, அவராகவே பேச வேண்டும் என்பது விதி. அதனால் தினமும் எனக்கு நெஞ்சு வலித்தது, தூக்கம் வரவில்லை, கால் வீங்கியது. ஹெட்ஃபோனைக் கழற்றினால் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்.

எந்த நிறுவனத்திலும் ஊழியர் இல்லை என்பதால், வருமான வரியைத் தவணை தவணையாக நானேதான் முன்கூட்டிக் கட்ட வேண்டும். முன்பெல்லாம் அதைக் கணவர் பார்த்துக்கொண்டார். டெக்சாஸில் மாநிலத்துக்கு வருமான வரி கிடையாது. மத்திய அரசுக்கு மட்டும்தான். இங்கே வந்தபின் அதை நானே தேதி தவறாமல் கட்டினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கலிபோர்னியாவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்பது, பிப்ரவரியில் கணக்கைத் தாக்கல் செய்தபோதுதான் தெரிந்தது. மார்ச்சில் அபராதக் கடிதம் வந்தது.

காலை எட்டு மணிக்கு மாநில வரி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஐம்பது நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல் வந்தது. என் உச்சரிப்பைக் கேட்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஏன் கட்டவில்லை என்று கேட்டார். கணவர்தான் பார்த்துக்கொள்வார், இப்போது அவர் இல்லை என்றேன். இறந்துவிட்டார் என்று நினைத்து வருத்தம் தெரிவித்தார். சாகவில்லை, பிரிந்துவிட்டோம், ஊரில் யாருக்கும் சொல்லவில்லை என்று நானாகவே சொல்லிக்கொண்டு போனேன். அவரிடம்தான் அதை முதன்முதலாகச் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. அபராதத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, இனிவரும் தேதிகளை நான் எழுதிக்கொள்ளும் வேகத்தில் சொன்னார். ஏப்ரல், ஜூன், அப்புறம் ஜனவரி. செப்டம்பரில் மாநிலத்துக்குக் கிடையாதாம்.

போனை வைத்த கையோடு திருச்சியில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் இங்க ஒண்டியாத்தான் இருக்கேன்."

"ஏன், மாப்பிள்ளை வெளியூர் போயிருக்காரா?"

"இல்லக்கா. டைவர்ஸ் ஆயிடுச்சு. போன வருஷமே."

அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"தீபாவளிக்குப் பேசுனப்ப, அவர் குளிக்கிறார்னு சொன்னியே," என்றாள் அக்கா.

அவள் அழவில்லை. கோபித்துக்கொண்டாள். இரண்டு வாரம் நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டு, தன் மருமகளைப் பற்றி ஒரு மணி நேரம் குறை சொன்னாள். அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எல்லா ஞாயிறும் கூப்பிடுகிறாள்.

ஏப்ரலில் இரண்டு அரசுகளுக்கும் ஒரே நாளில் கட்டினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அக்காவுக்கு இது புரியாது. காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் கொஞ்ச தூரம் போய்விட்டு, வேலை நேரத்துக்குத் திரும்பி வந்தேன்.