கவினோடு நான்கு முதல் சந்திப்புகள்

போன சனிக்கிழமை பினாங்கு போனேன். ஊர் சுற்ற அல்ல. மூன்று வருடமாக ஆன்லைனில் மட்டுமே பேசிய கவினை நேரில் பார்க்க. மூளை நினைவை எப்படி அடுக்கி வைக்கிறது, அதே அமைப்பை ஏஐக்கு எப்படிக் கட்டுவது என்று வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். (கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்க்காத கேஸ், ரெண்டு பேரும்!) போன வருடம் அவனுக்கு மோட்டார் சைக்கிள் விபத்து. பழையதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. புதியது எதுவும் தங்குவதில்லை.

ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து தீவுக்குப் பெர்ரியில் இரண்டு வெள்ளி (ரிங்கிட்). மழையில் துறைமுகக் கிரேன்கள் பாதிதான் தெரிந்தன. இறங்கிய இடத்திலிருந்து கவின் குடியிருக்கும் சுங்கை பினாங் பிளாட்டுக்கு வாடகைக் காரில் ஒன்பது வெள்ளி.

"சொந்தக்காரங்க வீடா, தம்பி?" என்றார் டிரைவர்.

"கூட்டாளி வீடு, அண்ணே. ஆன்லைன்லதான் பழக்கம், இன்னும் நேர்ல பாத்ததில்ல."

"பாத்து போ லா. பொண்ணு பேர்ல யாராச்சும் பேசிருப்பான்!"

என் பையில் ஒரு பழைய போன். நடப்பதைக் கேட்டுச் சேமித்து, கேட்கும்போது திருப்பிச் சொல்லும் புரோகிராம் ஒன்றை அவனுக்காக அதில் எழுதியிருந்தேன். அவன் நினைவு அறுந்த இடத்தில் இதைச் செருகினால் போதும் என்று நிஜமாகவே நம்பினேன்.

கதவைத் திறந்த கவின், போட்டோவில் பார்த்த என் முகத்தை அடையாளம் கண்டு, வழக்கம்போல் என் ஊர்ப் பெயரால் கூப்பிட்டுக் கத்தினான். "டேய் ஈப்போ! சொல்லாம வந்துட்ட? குரல விட மூஞ்சி மோசம் லா!"

விழுந்து விழுந்து சிரித்தோம். பாத்ரூம் போய் வந்தவன், "டேய் ஈப்போ! சொல்லாம வந்துட்ட?" என்றான். மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிட்டபின் மூன்றாவது தடவை. அதே ஜோக்.

அவன் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "திங்கக்கிழம நான் பேக்டரிக்குத் திரும்பணும், இல்லன்னா வேலை போயிரும். நீ சொன்ன அந்த போன் இவனப் பாத்துக்குமா, தம்பி?"

"பாத்துக்கும்கா," என்றேன்.

நான்காவது தடவை அவன், "எப்ப வந்த?" என்றதும் போனை நீட்டினேன். அது தெளிவாகப் பேசியது: "கவின், போன வருடம் உனக்கு விபத்து நடந்தது. புதிய நினைவுகள் உன்னிடம் தங்காது. இன்று உன் நண்பன் வந்தான். நீ நிறையச் சிரித்தாய்."

ஒரு தப்பும் இல்லை.

கவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப உன்னப் பாத்தது இந்த போன் லா. நான் இல்ல." பிறகு அக்காவிடம் திரும்பினான். "எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

அக்கா போனை என் பையில் திணித்தார். "சொல்லாமயா? தெனம் கேட்டு தெனம் அழுதான். அதான் நிறுத்துனேன். எடுத்துட்டுப் போயிரு, தம்பி. வேலை போனா போவட்டும்."

சேமித்து வைப்பதும் நினைவும் ஒன்று என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதைக் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு புரோகிராமுக்காக நான் வரைந்த நினைவு வரைபடத்தில் ஒரு பெட்டிகூட இல்லை.

திரும்பும் பெர்ரியில் அவனிடமிருந்து மெசேஜ்: "ஈப்போ, எப்ப லா பினாங்கு வர்ற?"

இப்படி ஒருவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: குடை எடுத்துக்கொள்ளுங்கள். மழை நேரத்தில் கார் கிடைக்க அரை மணி நேரம் ஆகும். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். ஜோக்குக்கு ஒவ்வொரு தடவையும் சிரியுங்கள்.

அடுத்த மாதமும் போகிறேன். சொல்லாமல்தான்.