சூட்டுக்கு அசையாத மாமியார்

அண்ணிக்குக் கணினியில் தடுப்பூசி வடிவமைக்கும் வேலை. புதிதாகப் பரவும் காய்ச்சல் ஒன்றின் கிருமி, தன் மேலுள்ள முள்ளால்தான் நம் உடலுக்குள் நுழைகிறது. அந்த முள்ளின் நுனியைப் போலவே ஒரு சிறு புரதத்தைக் கணினி வரைந்து தரும். அதை ஊசியில் ஏற்றினால், நிஜக் கிருமி வரும்போது உடல் அடையாளம் கண்டுகொள்ளும். கணினி ஆயிரக்கணக்கில் வரைந்து தள்ளும். தேறியவற்றுக்கு அண்ணி உறவுமுறைப் பெயர் வைப்பார். ஆய்வகத்தில் செய்து பார்த்தபோது ‘சித்தப்பா’ கட்டிதட்டிப் போனது. ‘கொழுந்தன்’ இரண்டே நாளில் உதிர்ந்தது. பெயருக்குச் சொந்தக்காரன் நான்தான்.

இன்னும் ஒன்றைச் செய்து பார்க்கத்தான் வாய்ப்பு. அதுவும் தோற்றால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். அண்ணியின் வேலையை நம்பித்தான் இந்த அயல்நாட்டில் அண்ணி, அண்ணன், அம்மா, நான் என எங்கள் நால்வரின் விசாவும். நான் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணியின் மடிக்கணினியை அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா இது, மாமியார்னு போட்டிருக்கு?”

“உங்க பேருதான் அத்தை. கணினிக் கணக்குல சூடு ஏத்திப் பார்க்கறேன். மத்ததெல்லாம் ஆடி அவிழ்ந்துடுது, இது அசையவே மாட்டேங்குது.”

“அப்புறம் என்ன யோசனை?”

“கணினி மார்க்கு போட்டதுல ‘மாப்பிள்ளை’தான் முதல். அதையே செய்யலாம்னு தலைவர் சொல்றார்.”

“மார்க்கைப் பார்த்துத்தான் உங்க வீட்ல இவனுக்குப் பொண்ணு குடுத்தாங்க. என்ன கண்டே?”

அண்ணன் நிமிராமல் தேநீரை உறிஞ்சினான்.

மறுநாள் கூட்டத்தில் அண்ணி இரண்டையும் திரையில் ஓடவிட்டார். உடல் சூட்டிலேயே மாப்பிள்ளை நூல்பந்து போல அவிழ்ந்தது. மாமியார் இருந்த இடத்தில் இருந்தது. தலைவர் மாமியாருக்கே ஒப்புதல் தந்தார்.

மாமியார் புரதமாகி, எலிகளுக்கு ஊசியாகப் போனது. “என் எலிங்க சௌக்கியமா?” என்று அம்மா தினமும் விசாரித்தாள். நான் மனதுக்குள் கட்டிய பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் அண்ணி ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார். பின்னால் ஒரே கைதட்டல்.

“போனை அத்தைகிட்ட குடுங்க! அத்தை, எலி ரத்தம் கிருமியை உள்ளயே விடல. உங்களை மாதிரியே வாசல்லயே நிறுத்திடுச்சு!”

“நான் யாரை நிறுத்தினேன்? உன்னை உள்ள விட்டேன்ல?”

மனிதருக்குப் போட இன்னும் நெடுந்தூரம் போகவேண்டும். ஆனால் குழு பிழைத்தது, நாங்களும்தான். அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை பாக்கி.

“அடுத்த சோதனைக்கும் இதே பேருதானே? வெற்றி வந்துடுச்சுன்னு உங்கம்மா பேருக்கு மாத்திடாதே!”