வண்டிக்காரரின் வயிற்றுக் கட்டி

மலையில் பெரியாற்று அணை வேலை நடந்த காலத்தில் நான் கம்பத்து ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தேன். சென்னப்பட்டணத்தில் படித்தவன், மைக்ராஸ்கோப் ஒன்றும் சொந்தமாக வைத்திருந்தேன்.

அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு வண்டிக்காரரைக் கொண்டுவந்தார்கள். இளவயதுக்காரர், அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றிப் போனவர். தின்றது தங்காமல் வற்றிப்போயிருந்தார். மேல்வயிற்றில் வழவழப்பாய் ஒரு கட்டி. அவருடைய தாயார் மருமகளைக் காட்டி, "இவதேன்யா மருந்து வச்சிட்டா. வசியம் பண்ணப் பாத்து எம்மகன் வயித்தயே கெடுத்துப்புட்டா" என்றார். மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி புருசனுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

இரைப்பைப் புற்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் புற்றுக்கு அந்த வயது குறைவென்று எனக்கு உறுத்தியது. வலிக்கு அபினி கொடுப்பதற்கு மேல் என்னால் ஒன்றும் முடியவில்லை. அவர் இறந்துபோனார்.

உடலை எடுக்க வந்த சனத்தின் முன்னால் அந்தப் பெண் வாய் திறந்தாள். "அய்யா, வயித்த அறுத்துப் பாருங்க. நான் வச்சிருந்தா அங்கன இருக்கும்ல? ஊருக்குத் தெரியணும். எம்பிள்ளைக்கும் தெரியணும்."

அறுத்தேன். இரைப்பைச் சுவர் விரல் தடிமனுக்கு வீங்கி, மீன் சதைபோல் வெளுத்திருந்தது. வேறெதுவும் இல்லை. "மருந்து ரத்தத்துல கலந்துருக்கும்" என்றார் மாமியார். அடக்கம் முடிந்ததும் பிள்ளையை வைத்துக்கொண்டு அவளை அப்பன் வீட்டுக்கு விரட்டிவிட்டார்.

நான் விடவில்லை. அந்தச் சதையில் ஒரு துண்டைச் சாராயத்தில் ஊறப்போட்டு, கெட்டிப்பட்டதும் சவரக்கத்தியால் மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்த்தேன். புற்றில் தெரியும் பெரிய, கோணல்மாணலான அணுக்கள் இல்லை. கேழ்வரகைக் கொட்டினாற்போல் ஒரே அளவில் சின்னஞ்சிறு உருண்டைகள். அக்குளில் நெறி கட்டுமே, அந்த நெறிக்குள் இருக்கும் அணுக்கள்! அவை இரைப்பையில் பெருகியிருந்தன.

முகாம் வந்த மதுரைப் பெரிய டாக்டர் துரை வெகுநேரம் குனிந்து பார்த்தார். "லிம்போசார்கோமா, நெறி அணுவில் கிளம்பும் கட்டி. இரைப்பையில் இதை நானே கண்டதில்லை. நீர் பார்த்தது சரி" என்று கை கொடுத்தார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு அனுமந்தன்பட்டிக்குப் போய், பூசை முடிந்து வந்தவர்களிடம் அவர்களுடைய வேதக்கோயில் வாசலில் நின்று சொன்னேன். "யாரும் எதுவும் வைக்கல. அது அவர் உடம்புக்குள்ளயே வளர்ந்த நோய். நான் கண்ணால பாத்தேன். மதுரைப் பெரிய டாக்டரும் பாத்துட்டாக."

 மாமியார்தான் கடைசியில், அப்பனோடு பூசைக்கு வந்திருந்த மருமகளிடம் போனார். "வீட்டுக்கு வா ஆத்தா. பிள்ள உன்னயத் தேடுது."

அவள் உடனே கிளம்பவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "அறுக்கச் சொன்னது நாந்தேன்" என்றாள். எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுத்தான் நடந்தாள்.